முறை வைத்துக் கற்றார்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று சிந்தித்ததுண்டா? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்லர், கடன் பட்டவரே.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், எழுத்தறியாத நெசவாளர் ஒருவர் முன்பணம் பெறும்போது நடப்பதென்ன? பிறர் எழுதிய தாளில் பெருவிரலைப் பதிக்கிறார். பட்டும் ஜரிகையும் எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு என்று அவரால் சரிபார்க்க இயலாது. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இழை பிசகாமல் இணைக்கும் கைகள் அவை! அறிவில் குறைவில்லை, எழுத்து மட்டுமே எட்டவில்லை. அவர் எந்தச் சமயத்தவராயினும் நம் அண்டை வீட்டாரே.

"இந்த வயதில் இனி என்ன படிப்பு?" என்பார்கள். நபித்தோழர்கள் வயது முதிர்ந்த பின்பும் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பாடத்தில் குறிப்பிடுகிறார்கள்.

"பிழைப்பை விட்டு எப்படி வருவது?" என்பது அடுத்த கேள்வி; நியாயமான கேள்வியும்கூட. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்தார்கள். அவர்களும் அன்ஸாரித் தோழர் ஒருவரும் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் சென்றார்கள். சென்றவர் தாம் கேட்டதை மற்றவருக்குச் சொல்வார். கோர்வைத் தறியில் ஒருவர் எழுந்தால் மற்றவர் நெய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்நேரத்தில் தார் சுற்றலாமே! கணவர் ஒரு நாள், மனைவி ஒரு நாள் என வரலாமே!

பெண்களுக்கு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு செய்தி. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. நம் காலத்திலும், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். சிலர் ஏளனம் செய்தார்கள், அவர்கள் இறங்கவில்லை.

15 வயதைக் கடந்த எழுத்தறியாதோருக்கென 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. கற்பிப்போர் தன்னார்வலர்கள். படித்த இளைஞர்களே, உங்கள் மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் தாருங்கள். பெரியவர்களே, பலகை வேண்டாம். வீட்டிலுள்ள கணக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். அதில் உங்கள் பெயரும், அதற்கு நேரே எழுதப்பட்ட தொகையும் எங்குள்ளன என்பதே முதல் பாடம்.

வஸ்ஸலாமு அலைக்கும்.