முறிந்த விரலும் கூலிக் கையும்



கல்வியைப் பற்றிப் பலர் உரைத்துவிட்டனர். நான் கையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நம்மவரில் பலருக்கு அதுவே முதல். கால் முறிந்தால் கட்டிலோடு தூக்கி வருகிறோம். விரல் முறிந்தாலோ துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்குச் செல்கிறோம். மாதம் ஒன்று கழிந்தபின் விரல் மடங்குவதில்லை. மண்வெட்டிப் பிடியைப் பற்ற இயலாத கைக்குக் கூலி தருவார் யார்?

செங்கல் சூளையில் உழைக்கும் அம்மையார் ஒருவர் எங்கள் சிறு மருத்துவமனைக்கு வந்தார். மோதிர விரலின் நடுமூட்டில் எலும்பு நொறுங்கியிருந்தது. விலையுயர்ந்த கருவி ஏதும் எங்களிடம் இல்லை. மெல்லிய எஃகுக் கம்பிகளும் ரப்பர் வளையங்களும் இருந்தன. ஜப்பானிய மருத்துவர் சுசுகியும் அவர்தம் குழுவினரும் 1994இல் வெளியிட்ட முறைக்கு அவையே போதும். விரலை மட்டும் மரக்கச் செய்து, மூட்டுக்கு மேலே ஒரு கம்பியும் கீழே ஒரு கம்பியும் எலும்பின் குறுக்கே செலுத்தினோம். மேற்கம்பியின் இரு முனைகளையும் விரலின் பக்கவாட்டில் நுனிக்கு அப்பால் நீளச் செய்து, கொக்கியாக வளைத்தோம். அக்கொக்கிகளையும் கீழ்க்கம்பியையும் ரப்பர் வளையங்கள் இணைத்தன. அந்த இழுவையில் மூட்டைச் சூழ்ந்த நார்கள் விறைத்து, எலும்புத் துண்டுகளை ஒழுங்குக்குக் கொணர்கின்றன. விரலோ கட்டுண்டு கிடவாமல் மடங்கி நிமிர்கிறது.

“எங்களுக்கென்றால் ரப்பர்தானா, ஐயா?” என்றார் அவர். நியாயமான கேள்வி! மலிவு என்னும் பெயரால் கழித்ததை நமக்குத் தந்தோர் உண்டு. ஆனால் இது செல்வம் மிக்க நாட்டிலே பிறந்த முறை. பொடிப்பொடியான எலும்பைத் தகடும் திருகாணியும் பற்றிப் பிடிப்பது அரிது என்பதே காரணம் என்று விளக்கினேன்.

மலிவாக்கக் கூடாதவையும் உண்டு: எக்ஸ்ரே, கருவிகளின் தூய்மை, பழகிய கை. இளைஞர் ஒருவருக்குக் கம்பித் துளையைத் தூய்மை செய்யும் முறையைச் சரிவரச் சொல்லாமல் அனுப்பினேன், சீழ் வைத்துவிட்டது. அது என் பிழை.

எல்லா முறிவுக்கும் கம்பி வேண்டியதில்லை. விலகாத முறிவாயின், பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அசைத்து வந்தாலே பெரும்பாலும் போதும். விரல்களை மடக்கிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இறுக்கிக் கட்டிய விரல் மரத்தாலும் கறுத்தாலும் கட்டை உடனே தளர்த்திவிட்டு ஓடி வாருங்கள்.

அந்த அம்மையாருக்கு ஐந்தாம் வாரம் கம்பிகளை எடுத்தோம். விரல் முழுதும் மடங்கவில்லை. செங்கல் அறுக்கும் அச்சைப் பிடிக்குமளவு மடங்கியது.