உயர்தர உயிரியல்: புகுமுன் அறிய வேண்டியவை



சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, அடுத்து எந்தப் பிரிவிற் சேர்வது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகவே இவ்வுரை. அவர்களுள்ளும் உயிரியற் பிரிவை நாடுவோரிடம் நாம் முதலிற் கேட்பது ஒன்று: அந்தப் பாடம் உங்களிடம் என்ன கேட்கப்போகிறது என்று அறிவீர்களா? விஞ்ஞானத்தில் நல்ல சித்தி கிடைத்தது, வீட்டார் வைத்தியராக வரச் சொல்கிறார்கள் என்ற இரண்டு காரணங்களை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு வகுப்புக்குட் சென்று, முதலாந் தவணை முடியுமுன்பே முகம் வாடிப்போகும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் புத்திக் குறைவு யாதுமில்லை. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று, அவ்வளவுதான்.

சாதாரண தரத்தில் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் விஞ்ஞானம் என்ற ஒரே பாடத்துள் அடங்கிவிடுகின்றன. உயர்தரத்திலோ உயிரியல் மாத்திரமே பத்து அலகுகளாக விரிகிறது. நம் மூத்தோர் படித்த காலத்தில் தாவரவியல், விலங்கியல் என்று அவை இரு வேறு பாடங்கள். இன்று இரண்டும் ஒன்றாகி, அவற்றோடு மூலக்கூற்று உயிரியலும் நுண்ணுயிரியலும் சேர்ந்திருக்கின்றன. நண்டையும் பூவையும் பற்றிப் படிக்கலாம் என்று ஆசையோடு செல்லும் பிள்ளைக்கு, தொடக்கத்தில் எதிர்ப்படுவது நீர் மூலக்கூறும் புரதமும் இலிப்பிட்டும் நியூக்கிளிக்கமிலமுமே. இரசாயனத்தை வெறுத்து உயிரியலுக்கு ஓடி வந்தவர்கள் அங்கேயும் அதுவே வாசலில் நிற்பதைக் கண்டு திகைப்பார்கள். ஆகவே இரசாயனத்தோடு பகை உள்ளவர்கள் முதலில் அதனோடு சமாதானம் செய்துகொள்ளட்டும்.

பாடத்தின் பருமன் ஒரு புறம். அதைவிடப் பெரிய மாற்றம் கேள்வியின் தன்மையில் உள்ளது. இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை; நம் கரையையே எடுத்துக்கொள்வோம்.

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என நீளும் இக்கரை முத்துச் சலாபத்தின் கரை. சிப்பிக்குள் முத்து எப்படி விளைகிறது? சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து ஏற்க, அதுவே முத்தாகிறது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். இந்நாட்டிலே பிறந்த வைத்தியர் கெலார்ட் 1857 முதல் சிப்பிகளை ஆராய்ந்து, அவற்றுள் வாழும் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். 1902 இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். ஹோர்ணல் அவருக்கு உதவியாளர். 1903 தொடங்கி 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களின் அறிக்கை, நாடாப்புழு ஒன்றின் குடம்பியைச் சுற்றியே சிறந்த முத்துக்கள் உருவாகின்றன என்றது. ஏறக்குறைய அதே காலத்தில் யப்பானியர் இருவர், நிஷிகாவா, மிசே என்போர், வேறு வழியாகச் சென்றனர். சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மென்மூடியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு மணியோடு சேர்த்து உடலினுள்ளே வைத்தால் உருண்டையான முத்து விளைகிறது என்று அவர்களின் வேலை காட்டிற்று. ஓட்டின் உட்புறப் பளபளப்பைச் சுரக்கும் அதே மேலணிக் கலங்கள், உள்ளே இடம் மாறியதும் பையாக வளர்ந்து, அதே பொருளைப் படை படையாகப் பூசுகின்றன. அதுதான் முத்து. புழு அக்கலங்களை உள்ளே தள்ளும் ஒரு சந்தர்ப்பமாக இருக்கலாமேயன்றி, முத்தைச் செய்வது புழுவன்று.

இனி, உயர்தர வினா எப்படி வரும் என்று பாருங்கள். "முத்துச்சிப்பி எக்கணத்தைச் சேர்ந்தது?" என்பது சாதாரண தரத்துக்குப் போதும், மொலஸ்கா என்று எழுதிப் புள்ளி பெறலாம். முத்தின் படைகளும் ஓட்டின் உட்படையும் ஒரே பொருளால் ஆனவை என்று மட்டும் சொல்லி, முத்தைச் சுரப்பது எந்த இழையமாக இருக்க வேண்டும், அதை எந்தப் பரிசோதனையாற் காட்டுவீர், அப்பரிசோதனைக்குக் கட்டுப்பாடு எது என்று கேட்டால், மனனம் செய்தவன் பேனாவைக் கடிப்பான். இந்த ஒரு சிப்பிக்கு விடை சொல்லக் கலம் பற்றிய அலகு வேண்டும், விலங்குப் பாகுபாடு வேண்டும், இழையம் வேண்டும், சூழலியலும் வேண்டும். சூழலியல் ஏன்? 1905 இல் இக்கடலில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. 1906 இல் ஒரு கம்பெனி இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் அள்ளுவதற்குச் சிப்பி இல்லை! குத்தகை எழுதியவர்கள் கணக்குத் தெரிந்தவர்களே. ஆனால் சிப்பியின் குடம்பி நீரோட்டத்தோடு மிதந்து சென்று எங்கோ படிவது, படிந்த இடத்தை மணல் மூடிவிடுவது, திருக்கை முதலிய மீன்கள் வந்து மேய்வது ஆகியவற்றைக் குத்தகைப் பத்திரத்தில் அடக்க முடியுமா? ஒரு குடித்தொகை ஏன் பெருகுகிறது, ஏன் அழிகிறது என்ற கேள்வி நம் மீனவர் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது.

அமெரிக்காவிலும் உயர்நிலைப் பள்ளியிலேயே பல்கலைக்கழக முதலாண்டுத் தரத்தில் உயிரியலைக் கற்பிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கும் மனனச் சுமை மிகுந்துவிட்டதென்று 2012 இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, ஆராயும் திறனுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2017 இல் வந்த புதிய பாடத்திட்டத்துக்கு 2019 இல் முதற் பரீட்சை நடந்தது. நம்மிடம் மனனச் சுமை இன்னும் குறையவில்லை என்பதே நம் அபிப்பிராயம். மனனமும் வேண்டும், அதன்மேல் சிந்தனையும் வேண்டும் என்ற இரட்டைப் பாரம் நம் பிள்ளைகளுக்கு.

பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. முதலாவதில் இரண்டு மணி நேரத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். ஒன்றுக்கு இரண்டரை நிமிடங்கூட இல்லை. இரண்டாவது மூன்று மணி நேரம்: அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், பின்னர் ஆறு கட்டுரை வினாக்களில் நான்கு. கட்டுரையில் அலங்காரத்துக்குப் புள்ளி இல்லை. செய்திகள் முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். மேடைப் பேச்சிற் பழகிய நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க.

செய்முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நுணுக்குக்காட்டிக்குக் கீழே வெங்காயத் தோலை ஒருமுறையேனும் பாராமல், கலத்தின் படத்தைப் பத்து முறை வரைவதால் என்ன பயன்? ஆய்கூடம் குறைவென்று முறையிடுவோர் பலர், முறைப்பாடு நியாயமானதே. எனினும் ஆய்கூடத்துக்கு வெளியே நமக்கு வாய்த்ததைக் கொழும்புப் பிள்ளை காசு கொடுத்தாலும் பெற மாட்டான். சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் கண்டலின் சுவாச வேர், வலையில் வரும் கடலட்டையும் நட்சத்திர மீனும், மீனவர் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மீனல்ல, பாலூட்டி என்ற செய்தி, வங்காலையில் வந்திறங்கும் வலசைப் பறவைகள், பள்ளிமுனைப் பெருக்கமரம்: இவை யாவும் பாடப் பக்கங்களே. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துச் சென்று பார்த்ததை வரையுங்கள். அழகு வேண்டியதில்லை; கண்டது இருக்க வேண்டும்.

இப்போது பெற்றோருக்கு. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. ஐம்பத்தைந்து மாவட்டக் குடித்தொகை விகிதத்துக்கு. எஞ்சிய ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அப்பட்டியலில் உண்டு. மூன்று முறை பரீட்சைக்குத் தோற்றலாம். இவ்வளவு இருந்தும், மருத்துவத்துக்கு இடம் பெறுவோர் மிகச் சிலரே. ஆகையால், மருத்துவம் கிடைக்காவிட்டாற் பிள்ளை தோற்றுவிட்டது என்று நீங்கள் எண்ணினால், இப்பிரிவிற் சேரும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தோல்வியை எழுதிக் கொடுக்கிறீர்கள். விவசாயம், விலங்கு மருத்துவம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்கூடத் துறை, மீன்பிடியும் கடல் விஞ்ஞானமும் என வழிகள் பல. கடலை நம்பி வாழும் ஊரில், கடல் விஞ்ஞானம் படித்த ஒருவர் வந்தால் அவரை இரண்டாந் தரமாகப் பார்ப்பது எவ்வளவு வேடிக்கை! ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டு மன்னார்ப் பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ விடுதியில் தங்கிப் படிக்க நேர்ந்தால், அவளுக்கு அனுப்பும் கடிதத்திலும் தொலைபேசியிலும் புள்ளியை மட்டும் விசாரியாதீர்கள்.

மொழியைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழில் உயிரியல் படிப்பது தாழ்வல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், பிற்காலத்தில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். கலம், இழையம், நொதியம், கூர்ப்பு என்று இன்று நாம் தயங்காது சொல்லும் சொற்களுக்குப் பின்னே நெடிய உழைப்பு உண்டு. ஆயினும் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே நடப்பதால், ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லையும் முதல் நாளிலிருந்தே எழுதிப் பழகுங்கள். நாளைக்கு ஐந்து சொல் என்றால் இரண்டு வருடத்தில் மூவாயிரத்தைத் தாண்டும்.

வகுப்புத் தொடங்குமுன் கையிலிருக்கும் மாதங்களில் தனியார் வகுப்புக்கு ஓட வேண்டும் என்பதில்லை. சாதாரண தர நூலில் இரசாயனப் பகுதியை மறுபடி வாசியுங்கள். பிறகு இறங்குதுறைக்குச் சென்று, வலையிலிருந்து எறியப்படும் உயிர்களில் பத்தைத் தெரிந்து, மீனவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதி, எது எக்கணம் என்று பிரித்துப் பாருங்கள். ஐயம் வந்தால் அதையும் எழுதி, முதல் நாள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.