பழைய தலப்படங்களும் கிராம வரலாறும்

(ஐதராபாத்தில் கல்லூரி மாணவர்களும் பயிற்சி பெறும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கிராமங்களுள் பெரும்பாலானவற்றுக்கு எழுதப்பட்ட வரலாறு இல்லை. கல்வெட்டோ கோட்டையோ இருக்கும் ஊரை ஆய்வாளர் நாடுவர். அவை இல்லாத ஊரைப் பற்றி எழுதுவார் அரியர். எனினும், அத்தகைய ஊருக்கும் ஓர் ஆவணம் உண்டு. இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய தலப்படமே அது. அலுவலகங்களில் இதனை 'டோப்போ ஷீட்' என்பர்.

இத்துறையின் வரலாற்றில் ஐதராபாத்துக்கு ஓர் இடமுண்டு. 1802-இல் சென்னையில் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1815-இல் பீதரில் ஓர் அடிக்கோட்டை அளந்தார். பின்னர் ஐதராபாத்தையே தமது தளமாகக் கொண்டார். 1818-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார்.

தாளில் காண்பவை

பழைய தாள்கள் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்தவை; மெட்ரிக் முறை வந்தபின் அவ்வளவு 1:50,000 ஆயிற்று. ஒரு தாள், அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 15 கலைகள் கொண்டது. இப்பகுதியில் அது ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காட்டும். ஐதராபாத் வட்டாரம் 56 கே என்னும் தொகுதியில் அடங்கும்.

நீலத்தில் நீர்நிலை, பச்சையில் காடு, மஞ்சளில் விளைநிலம், பழுப்பில் சம உயரக் கோடுகள் ஆகியவை அச்சாகியிருக்கும். இவற்றோடு கோயில், மசூதி, பாழடைந்த கோட்டை, வண்டிப்பாதை, வாரச் சந்தை கூடும் நாள் முதலியனவும் குறிக்கப்பட்டிருக்கும். சந்தை கூடிய ஊர்களையும் அவற்றை இணைத்த வண்டிப்பாதைகளையும் தொடர்ந்து நோக்கினால், பேருந்து வருமுன் அவ்வட்டாரத்து வாணிபம் நடந்த வழி புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன்பின் பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவின் ஆலோசனைப்படி, நகருக்கு மேற்கே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் (1920), ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் (1927) கட்டப்பெற்றன. 1920-க்கு முன் அளக்கப்பட்ட தாளில் இந்நீர்த்தேக்கங்கள் இரா. ஆறு மட்டுமே ஓடும். அதனைப் பிந்தைய தாளோடு ஒப்பிட்டால், எந்த வயல்கள் நீரில் மூழ்கின, எந்தப் பாதைகள் அறுபட்டன என்பதை அறியலாம். உஸ்மான் சாகரை மக்கள் இன்றும் கண்டிப்பேட்டை என்றே அழைக்கின்றனர். கிராமத்தின் பெயர் ஏரிக்கு நிலைத்துவிட்டது.

இவ்வொப்பீடு வரலாற்று ஆர்வலருக்கு மட்டும் உரியதன்று. இந்நீர்த்தேக்கங்களின் நீர்வரத்துப் பகுதியைக் காக்க 1996-இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணை 84 கிராமங்களில் கட்டடங்களுக்கு வரையறை விதித்தது. 2022-இல் வந்த மற்றோர் ஆணை அதனைத் தளர்த்தியது. இத்தகைய வழக்கில் எவ்வோடை எவ்வழியே ஓடிற்று என்பதற்குப் பழைய தாள் முக்கியமான சான்றாகும்.

ஏரிச் சங்கிலி

தெலங்கானாவின் ஏரிகள் தனித்தனியானவையல்ல. மேல் ஏரியின் கலிங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். இடையில் ஒன்றைத் தூர்த்தால் நீர் தன் பழைய பள்ளத்தைத் தேடிக் குடியிருப்புக்குள் புகும். 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் ஏற்பட்ட வெள்ளம் இதனை உணர்த்தியது. 2015-இல் தொடங்கிய காகதீயா இயக்கம் 46,000-க்கும் மேற்பட்ட ஏரிகளைச் சீரமைக்க முற்பட்டது. அத்தகைய பணியில் தூர்ந்த வரத்துக் கால்வாய்களைக் கண்டறியத் தலப்படம் துணைபுரியும். ஊர்ப் பெயர்களும் உதவும்: 'செருவு' ஏரியையும், 'குண்ட' சிறு குளத்தையும், கச்சிபௌலியில் உள்ள 'பௌலி' கிணற்றையும் குறிப்பன.

படம் சொல்லாதவை

ஆயினும் தலப்படத்தை அப்படியே நம்புதல் ஆகாது. அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. ஓரத்திலுள்ள குறிப்பைப் படித்த பின்னரே முடிவு கூற வேண்டும். சர்வே எண்களோ நில உரிமையோ அதில் இரா. அவற்றுக்குக் கிராம வரைபடமும் வருவாய்ப் பதிவேடும் தேவை. நிஜாம் அரசின் ஆவணங்கள் பல உருது, பாரசீக மொழிகளில் தார்நாகாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

மேலும், ஊருக்குப் புறத்தே வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்பு சில கறுப்புப் புள்ளிகளாக, பெயரின்றி நிற்கக்கூடும். யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பதைப் படம் கூறாது. அதனை அங்குள்ள முதியோரே கூறவல்லர்.

செய்யத்தக்கவை

2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கையும் 2021-இன் வழிகாட்டு நெறிகளும் தலப்படங்களைப் பொதுமக்கள் பெறுவதை எளிதாக்கின. அமெரிக்க இராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 அளவுள்ள தாள்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன.

மாணவர்கள் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, பழைய தாள், புதிய தாள், கிராம வரைபடம் மூன்றையும் அருகருகே வைத்து, மாறியவற்றைப் பட்டியலிடலாம். பின்னர் அப்பட்டியலோடு ஊருக்குச் சென்று முதியோரிடம் கேட்கலாம். அலுவலர்களுக்கு ஒன்று கூறுவேன்: 'இவ்விடத்தில் நீர்நிலை ஏதுமில்லை' என்று கோப்பில் எழுதுமுன், அவ்விடத்தின் மிகப் பழைய தாளை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. பாராமல் விட்டால் வரும் இழப்போ தாழ்ந்த பகுதியில் வாழும் எளிய மக்களின் தலையில் விழும்.