நாவின் மரபும் நோன்பின் அளவும்



பண்டம் ஒன்றாயின் சுவையும் ஒன்றுதானா? 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலார் பினைல்தயோகார்பமைடு என்ற பொடியைக் குப்பியில் இட்டுக்கொண்டிருந்தார். பறந்த துகள் பட்டு, அருகிலிருந்த மற்றோர் அறிஞர் வாய் கசக்கிறது என்றார். ஃபாக்ஸோ சுவையே இல்லை என்றார். இருவரும் நாவிலிட்டுப் பார்த்தனர். எவரும் தம் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு கூற்றும் மெய்யே. அநேகாந்தம் பயின்றோர்க்கு இது புதிதன்று, வேதியியலார்க்குப் பெருவியப்பாயிற்று. இவ்வேறுபாடு பெற்றோர் வழி வருவது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. அதற்குரிய மரபணு ஏழாம் குரோமோசோமில் உள்ளதை 2003இல் டென்னிஸ் டிரேனா குழுவினர் கண்டறிந்தனர்.

இவ்வாய்வை உணவுக்கும் உடற்கொழுப்புக்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் லிண்டா பார்டோஷக் அம்மையார். யேல் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தவர். தைராய்டு நோய்க்குரிய மருந்தொன்றைத் தாளில் தோய்த்துப் பலர் நாவில் வைத்தார். சிலர்க்கு அது வெறுந்தாள். பலர்க்கு மிதமான கசப்பு. அமெரிக்கரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்க்குப் பொறுக்கவொண்ணாக் கசப்பு. இக்கடைசி வகையினரை அவர் மிகைச்சுவையர் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். பெண்களிடையே இவர்கள் மிகுதி. நாவில் நீலச்சாயம் தடவினால் சுவை மொட்டுகளைத் தாங்கும் சிறு முகிழ்ப்புகள் சாயம் ஏறாமல் இளஞ்சிவப்பாய் நிற்கும். மிகைச்சுவையர் நாவில் அவை நெருங்கிக் கிடப்பதைக் காணலாம்.

இதனினும் அரிய கேள்வி ஒன்று அவரை வருத்தியது. ஒருவர் ‘மிகவும் கசப்பு’ என்பதும் மற்றொருவர் ‘மிகவும் கசப்பு’ என்பதும் ஒரே அளவு என்று எப்படிக் கொள்வது? ஒருவர் நாவுக்குள் மற்றொருவர் புகுந்து பார்க்க இயலாதே. ஆகவே அவர் சுவையைச் சுவையோடு ஒப்பிடச் சொல்லவில்லை. ஒலியின் உரத்தோடும் ஒளியின் கூச்சத்தோடும் ஒப்பிடச் சொன்னார். செவிக்கும் நாவுக்கும் தொடர்பில்லாமையால் ஒலி நடுநிலை அளவுகோலாயிற்று. அவ்வாறு அளந்தபோதுதான், சொல் ஒன்றாயிருந்தும் உணர்வு பன்மடங்கு வேறுபடுவது வெளிப்பட்டது.

மிகைச்சுவையர்க்கு மிளகாயின் எரிவு மிகுதி. பாலேடு, வெண்ணெய் இவற்றின் கொழுமையும் நாவில் கனமாய்த் தோன்றும். ஆதலின் அவருள் பலர் கொழுப்புணவைக் குறைவாகவே விரும்புகின்றனர். இத்தகைய பெண்கள் மெலிந்த உடலினராயிருப்பதைச் சில ஆய்வுகள் காட்டின; வேறு சில ஆய்வுகளில் அத்தொடர்பு புலப்படவில்லை. மெலிவு என்றால் முழு நலம் என்றும் எண்ணிவிடலாகாது. முதிய ஆடவரை ஆராய்ந்தபோது, கசப்பை மிகுதியாக உணர்ந்தோர் காய்கறியைக் குறைத்தே உண்டனர். அவர்தம் பெருங்குடலில் சிறு கட்டிகளும் மிகுதியாயிருந்தன. மரபு மட்டுமே நாவை ஆள்வதுமன்று. நாவின் சுவை நரம்பு ஒன்று நடுச்செவியினூடே செல்கிறது. இளமையில் கடுஞ்செவிநோய் கண்டவர்களிடம் கொழுப்புணவில் விருப்பமும் உடற்பருமனும் மிகுந்திருப்பதை அம்மையார் குழுவினர் கண்டனர்.

புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய ரசபரித்தியாகத்தை இவ்வொளியில் காண்பது தகும். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்பவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விடுவது அந்நோன்பு. நெய்யை விட்ட இருவருள் ஒருவர்க்கு அது இயல்பாகவே திகட்டும் பொருளாய் இருந்திருக்கலாம். மற்றவர்க்கோ நாள்தோறும் நினைவில் எழும் பொருளாய் இருக்கலாம். இலையில் காணும் விடுகை ஒன்றே. அதற்குள் நிகழும் போராட்டத்தை அயலார் நா அளக்க இயலாது. பிறர் நோன்பைப் பந்தியில் எடைபோடும் பழக்கம் நம் இல்லங்களிலும் இல்லாமலில்லை.

முட்டைக்கோசையோ கடுகுக்கீரையையோ ஒதுக்கும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று கடிவதும் இத்தகையதே. பினைல்தயோகார்பமைடை ஒத்த வேதிக்கட்டமைப்பு அக்காய்களிலும் உண்டு. அக்குழந்தை பொய் சொல்லவில்லை. அதற்காக உணவையே விலக்கிவிடவும் வேண்டியதில்லை. சிறிது உப்பு கசப்பைத் தணிப்பது ஆய்வில் நிறுவப்பட்டுள்ளது. அடுக்களையில் அது முன்பே தெரிந்த செய்தி. உப்பை விட்ட நாளில் தேங்காய்த் துருவலின் இனிப்பு அவ்வேலையைச் செய்கிறது.