பொய்யான நட்டஈட்டுக் கோரிக்கை



நாற்சந்தியொன்றில் இரண்டு மோட்டார் வண்டிகள் இலேசாக உரசுகின்றன. இருவரும் கைகுலுக்கிப் பிரிகின்றனர். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. கதவு நொறுங்கியதாம், முதுகிலும் காயமாம், நட்டஈடு வேண்டுமாம்!

குற்றமற்றவருக்கு முதலிற் கோபம் வரும். பின்னர் அச்சம் வரும். கோபம் சுடச்சுடப் பதில் எழுதத் தூண்டும். அச்சம் பணத்தைக் கொடுத்துத் தப்பச் சொல்லும். இரண்டுக்கும் இடங்கொடுத்தல் ஆகாது.

இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு சங்கதியைக் கூறி உரிமை கோருபவரே அதனை எண்பிக்கவேண்டும். ஆனால், நாம் எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் நமக்கு எதிராகவே சான்றாகலாம். ஆதலால், கடிதத்தைத் தாமதமின்றி நமது காப்புறுதிக் கம்பெனியிடம் கையளித்து, நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்தலே முறை. உரசியது உண்மையாயின் உரசியது என்றே எழுதுக. நமது சிறு பொய், அவரது பெரும் பொய்க்கு உயிரூட்டிவிடும்.

பொய்யை வெல்லும் சான்றுகளைச் சம்பவ இடத்திலேயே திரட்டவேண்டும். இரு வண்டிகளின் இலக்கத் தகடுகளும் சேதமும் தெரியும் புகைப்படங்கள், நாள், நேரம், கண்டவர்களின் பெயர், விலாசம் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். பொலிசில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதியையும் வைத்திருங்கள். இத்தகைய நட்டஈட்டு வழக்கைத் தொடுக்க 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் அளிக்கிறது. அதுவரையேனும் அவற்றைப் பேணுங்கள்.

கைகுலுக்குவது நல்ல பண்புதான். விவரங்களைக் குறித்துக்கொண்ட பின்னர் கைகுலுக்குவோம்.