அச்செழுத்துக்குக் காசு கொடுத்தவர்கள்

ஆறுமுகநேரி உப்பளத்து வேலையை முடித்துவிட்டு நேரே இங்கே வந்து தரையில் அமர்ந்திருக்கும் தோழர்களே! ஆர்மீனியர்களுக்கு ஆனி என்றொரு கோட்டை நகரம் இருந்தது. 961-ல் தலைநகரானது, ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம் என்று அதற்குப் பெயர். மதில் இன்றும் துருக்கி எல்லையோரம் நிற்கிறது, உள்ளே குடியிருக்க ஆளில்லை. அந்த ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை 'அஸ்தரார்' எங்கே அச்சானது தெரியுமா? 1794-ல், நம் சென்னையில்! கை தட்டுங்கள், தகும். ஆனால் தட்டிக்கொண்டே யோசியுங்கள். சொந்த அரசு இல்லாத சனங்கள், வியாபாரம் செய்ய வந்த ஊரில் தங்கள் எழுத்தை அச்சில் ஏற்றினார்கள். அப்படியானால் ஓர் ஊரைப் பண்பாட்டின் ஊராக்குவது மதிலா, மக்களா?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆத்தூர் தாண்டிக் கிழக்கே போனால் புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடம். அங்கே போர்ச்சுகீசியர் மண்கோட்டை கட்டினார்கள். 1553-ல் அது எதிரிகளிடம் வீழ்ந்தது. கோட்டைதான் பண்பாட்டைக் காத்தது என்றால், கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டுமே! முடியவில்லை. அங்கே வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் அச்சானது. கோட்டை விழுந்து 33 ஆண்டு கழித்து, 1586-ல், அறுநூறு பக்கத்துக்கும் மேலான 'அடியார் வரலாறு' வந்தது. பதினாறு எங்கே, அறுநூறு எங்கே!

'அடியார் வரலாறு' புன்னைக்காயலில்தான் அச்சானதா, கொச்சியில் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புன்னைக்காயல் என்பார் பலர், மறுப்பாரும் உண்டு. இடம் எதுவானாலும் என் வாதம் ஆடாது. அச்சுவேலைக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். அந்தப் புத்தகம் பேசியதும் அவர்கள் காதுக்குத்தான். 'மதம் பரப்ப வந்த புத்தகம், அதில் தமிழுக்கு என்ன பெருமை?' என்று சென்னை மேடைகளில் கேட்கிறார்கள். நோக்கம் மதம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஓலையில் ஓடிய தமிழ் ஈயத்தில் வார்க்கப்பட்டபோது, எழுத்தை வெட்டிய இயேசு சபையினர் கோன்சால்வஸ், ஃபரியா இருவர் பெயரும் நமக்குத் தெரிகிறது. காசு கொடுத்தவன் பெயர் எங்கே?

முத்துக்குளித்துக் காசு கொடுத்த அவனை விட்டு என்னால் நகர முடியவில்லை, ஐயா! காலில் கல், இடுப்பில் சிப்பிக்கூடை, மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் மேல் உயிரை வைத்து, மூச்சடக்கிக் கடலடி முத்துப்பாரில் இறங்குகிறான். சுறா இருக்கும். மேலே வந்தால் அள்ளிய சிப்பியில் பாதிக்கு மேல் வெறும் சிப்பி. அரசனுக்கு ஒரு பங்கு, வியாபாரிக்கு ஒரு பங்கு போய் மிஞ்சியதில்தான் அந்தக் காசு. படிக்கத் தெரியாதவர்களும் கொடுத்திருப்பார்கள். அண்டிரிக் அடிகளாருக்குத் தமிழைப் பேசிக் கொடுத்த வாய்களும் இந்தக் கரையுடையவைதான்.

1967-ல் தூத்துக்குடியில் இராசமாணிக்கம் அடிகளார் அந்த 'அடியார் வரலாறு' புத்தகத்தை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதில் ஒரு பிரதி நம் ஊர் நூலகத்துக்கு வரட்டும். உப்பு அள்ளும் கை அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.