பிள்ளைங்க விளையாடட்டும்



கடலூரில் அரசு விடுதியில் வளர்ந்த பெண் சந்தியா ரங்கநாதன். விடுதி அக்காமார் பந்து விளையாடுவதைப் பார்த்துத்தான் தானும் ஆடப் போனார். கோல் அடிக்கிற முன்வரிசை ஆட்டக்காரர். 2019-இல் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மதுரை சேது அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியதே, அந்த அணியில் சந்தியாவும் இருந்தார். இந்தியாவுக்கும் ஆடியிருக்கிறார்.

ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது முன்னால் ஆடிய அக்காமார்தான். நம்ம பேத்துப்பாறையில் சமதளம் கிடைப்பதே கஷ்டம். பந்து உருண்டால் காபித் தோட்டத்துக்குள்ளேதான் தேடணும்! ஆனாலும் பிள்ளைங்க ஆடுதுங்க. வயசுக்கு வந்ததும் நாமதான் “போதும், உள்ளே வா” என்கிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடிச்சதும் இதையும் பேசுவோம். முறை வைத்து, தினம் ஒரு அம்மா பிள்ளைங்களோட துணைக்குப் போய் உட்காரலாமே?